பாய்மரப் படகின் மின்சாரக் கணக்கு

"பாய்மரப் படகுக்கு மின்சாரம் எதற்கு?" என்று ஒருவர் வினவினால், அதனை அறியாமை என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. காற்று தள்ளுகிறது, படகு செல்கிறது. இடையில் மின்சாரத்திற்கு என்ன வேலை? நானும் அறுபது வயது கடக்கும் வரையில் அவ்வாறே எண்ணியிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பௌதிகமும் ரசாயனமும் கற்பித்தவன் நான். காரீயத் தகடும் கந்தக அமிலமும் கூடி மின்சாரம் தரும் கதையைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும் அந்தப் பாடத்தின் முழுப் பொருளை ஓர் இரவில், கடலின் நடுவே, இருளில் நின்றுதான் நான் கற்றுக்கொண்டேன். அதனை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அந்த வினாவுக்கு விடை காண்போம். ஜோஷுவா ஸ்லோகம் என்னும் மாலுமி 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து 'ஸ்பிரே' என்ற சிறு படகில் தன்னந்தனியாகப் புறப்பட்டு, 1898ஆம் ஆண்டில் உலகைச் சுற்றித் திரும்பினார். தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. நேரம் பார்க்க அவரிடம் இருந்தது ஒரு தகரக் கடிகாரம். வெளிச்சத்திற்கு எண்ணெய் விளக்கு. மின்சாரம் சிறிதும் இல்லை. ஆகவே மின்சாரமின்றிக் கடலைக் கடக்க இயலாது என்று எவரும் கூற முடியாது.

ஆனால், ஸ்லோகம் கண்ட கடல் வேறு. இன்றைய கடல் வேறு. இன்று இரவும் பகலும் பெருங்கப்பல்கள் விரைந்துகொண்டே இருக்கின்றன. கதிரவன் மறைந்தது முதல் உதிக்கும் வரை ஒவ்வொரு கலமும் விளக்கேற்ற வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பன்னாட்டுக் கடல் விதி. வலப்புறம் பச்சை, இடப்புறம் சிவப்பு, பின்புறம் வெள்ளை. 20 மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகு இம்மூன்றையும் பாய்மரத்தின் உச்சியில் ஒரே விளக்காக அமைத்துக்கொள்ளலாம். விளக்கோடு முடிவதுமில்லை. இடம் காட்டும் கருவி, கரையோடு பேசும் வானொலி, மனிதன் கண்ணயரும்போது சுக்கானைப் பிடிக்கும் தானியங்கி, படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்பு ஆகிய யாவும் மின்சாரத்தை நம்பியே வாழ்கின்றன. இந்தியக் கடற்படையைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரி மண்ணின் மகளாகிய ரூபா என்னும் இரு பெண் அதிகாரிகள் 'தாரிணி' என்ற பாய்மரக் கலத்தில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 2025 மே மாதத்தில் உலகைச் சுற்றித் திரும்பினர். எட்டு மாதப் பயணத்தில் அவர்களை முன்செலுத்தியது காற்று. ஆயினும் வானிலையை அறியவும், கரையிலுள்ளோரோடு பேசவும், இருளில் தாம் இருப்பதைப் பிறர்க்கு உணர்த்தவும் உதவியது மின்சாரமே.

இனி என் அனுபவத்திற்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பின்னர் மலேசியாவிலுள்ள பினாங்குக்குச் சென்றிருந்தேன். என் பழைய மாணவர் ஒருவர் அங்கே கணக்காய்வாளராகப் பணியாற்றுகிறார். பிறருடைய வரவு செலவைப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது அவர் தொழில். ஓய்வு நேரத்தில் கடலை நாடுபவர். 32 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். பினாங்குக்கு வடக்கே ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவில் லங்காவித் தீவு உள்ளது. உலகைச் சுற்றும் படகினர் பலர் தங்கிச் செல்லும் இடம் அது. அங்கே என்னை அழைத்துச் செல்ல அவர் விரும்பினார். இரண்டு நாள் படகிலேயே தங்கி ஏற்பாடுகளைச் செய்தோம். மூன்றாம் நாள் மாலையில் பாய் விரித்தோம்.

நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில் திசைகாட்டியின் விளக்கு மங்கிற்று. சற்று நேரத்தில் தானியங்கிச் சுக்கான் அசைவற்று நின்றது. அண்ணாந்து பார்த்தேன், பாய்மர உச்சியில் விளக்கு இல்லை. அப்பொழுதுதான் எதிரே, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வெள்ளை விளக்குகள் தெரிந்தன. 'மற்றொரு கலத்தை இழுத்து வருகிறேன்; என் பின்புறத்திலிருந்து இழுபடும் கலத்தின் கடைசி வரை 200 மீட்டருக்கு மேல் நீளம்' என்பது அக்குறியின் பொருள். இழுக்கும் கலத்துக்கும் இழுபடும் பாரக் கலத்துக்கும் இடையில் இருளில் நீரோடு கிடக்கும் அந்த வடத்தின்மேல் சிறு படகு சென்று சிக்கினால் மீள்வது அரிது. அவர்களுக்கோ நாங்கள் இருப்பதே தெரியாது.

மாணவர் கைவிளக்கை எடுத்துப் பாயின்மீது ஒளியைப் பாய்ச்சினார். வெள்ளைப் பாய் இருளில் ஒரு சுவர்போல் ஒளிர்ந்தது. பின்னர் எஞ்சினை முடுக்கினார். எஞ்சினுக்கென்று தனியாக வைத்திருந்த சிறிய பாட்டரி நல்ல நிலையில் இருந்தமையால் அது உடனே இயங்கிற்று. விலகிச் சென்றோம். விசைக் கலம் முன்னே போயிற்று; வெகு நேரம் கழித்து அந்தப் பாரக் கலம் ஒரு கரிய குன்றுபோல் எங்களைக் கடந்தது. இருவரும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவர் கேட்டார்: "ஐயா, போன மாதம்தான் பழைய பாட்டரியை எடுத்துவிட்டு இருமடங்கு பெரிய பாட்டரி வாங்கிப் பொருத்தினேன். புதிய பாட்டரி எப்படிச் செத்தது?"

பொழுது விடிந்ததும் ஒரு தாளை எடுக்கச் சொன்னேன். "தம்பி, நீ கணக்காய்வாளன். முதலில் செலவை எழுது" என்றேன்.

மின்சாரச் செலவை எழுதுவது எளிது. கருவி எத்தனை ஆம்பியர் வாங்குகிறது என்பதை அது எத்தனை மணி நேரம் இயங்குகிறது என்பதால் பெருக்கினால் ஆம்பியர்-மணி கிடைக்கும். படகிலுள்ளது 12 வோல்ட் மின்சாரம். உச்சி விளக்கு 25 வாட் பழைய குமிழ். அது 2 ஆம்பியருக்குச் சற்று மேல் வாங்கும். 12 மணி நேரத்தில் 25 ஆம்பியர்-மணி. அறை விளக்குகள் 8. தானியங்கிச் சுக்கான் சராசரி 2 ஆம்பியர் வீதம் ஒரு நாள் முழுவதும் 48. குளிர்பெட்டி ஓடும்போது 4 ஆம்பியர், பாதி நேரம் ஓடுகிறது, ஆக 48. இடங்காட்டியும் வானொலியும் சேர்ந்து 24. கூட்டினால் கடலில் ஒரு நாளைக்கு 153 ஆம்பியர்-மணி செலவு. நங்கூரத்தில் நின்ற நாள்களில் சுக்கானுக்கு வேலையில்லை என்றாலும், குளிர்பெட்டிக்கு ஓய்வில்லை.

வரவு யாது? மேல்தளத்தில் 100 வாட் சூரியத் தகடு ஒன்று இருந்தது. 100 வாட் என்பது உச்சி வெயிலில் ஆய்வுக்கூட நிலையில் கிடைக்கும் அளவு. காலை மாலைச் சாய்வெயில், மேகம், பாய்மரத்தின் நிழல், சூட்டினால் வரும் குறைவு ஆகிய அனைத்தையும் கழித்தால் நாளொன்றுக்குச் சுமார் 24 ஆம்பியர்-மணி மிஞ்சும். எஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டினால் ஏறத்தாழ 30. ஆக வரவு 54. பற்றாக்குறை 99.

மாணவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவை ஒரு காசும் கூட்டாமல் அவர் செய்தது, பத்தாயத்தைப் பெரிதாக்கியதே. பத்தாயம் பெரிதானால் நெல் பெருகுமா? பாட்டரி மின்சாரத்தை விளைவிப்பதில்லை; இட்டதை வைத்திருந்து தருகிறது; அவ்வளவே. 200 ஆம்பியர்-மணி காரீயப் பாட்டரியில் பாதியை மட்டுமே அன்றாடம் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். அந்தப் பாதி, நூறு. ஒரே நாள் பற்றாக்குறை அதனை விழுங்கிவிட்டது.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மாணவர் பள்ளியில் காரீய பாட்டரியின் ரசாயனச் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதியவர். நான்தான் அவருக்கு முழு மதிப்பெண் இட்டேன். ஆனால் 'இதிலிருந்து எத்தனை மணி நேரம் எத்தனை விளக்கு எரியும்?' என்று ஒரு நாளும் அவரைக் கேட்கவில்லை. அந்த இரவின் இருளில் என் பங்கும் உண்டு.

இனி அந்தச் சமன்பாட்டுக்கு வருவோம். பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே 1859ஆம் ஆண்டில் கண்டுபிடித்தது காரீய பாட்டரி. மின்சாரம் தரும்போது அதன் இருவகைத் தகடுகளிலும் காரீய சல்பேட்டு படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. மின்னேற்றும்போது சல்பேட்டு கரைந்து பழைய நிலை மீளும். ஆனால் முழுமையாக ஏற்றாமல் நாள்கணக்கில் விட்டுவைத்தால், மென்மையான சல்பேட்டு கெட்டிப் படிகமாகிவிடும். பின்னர் அது கரையாது. தகட்டின் அந்தப் பகுதி செத்ததே. படகுகளில் பாட்டரிகள் பெரும்பாலும் உழைத்துத் தேய்ந்து மடிவதில்லை. அரைவயிற்றுடன் கிடந்தே மடிகின்றன.

'எஞ்சினை ஓட்டி நிரப்பிவிடலாமே' என்று நீங்கள் நினைக்கலாம். நாடகக் கொட்டகைக்கு மக்கள் வருவதைப் பாருங்கள். தொடக்கத்தில் வருவோர் விரைந்து அமர்கின்றனர். முக்கால் கொட்டகை நிறைந்த பின் வருவோர் காலி இடம் தேடி மெல்ல நகர வேண்டும். காரீய பாட்டரியும் அத்தகையதே. ஐந்தில் நான்கு பங்கு வரையில் விரைவாக ஏற்கும். கடைசி ஒரு பங்குக்குப் பல மணி நேரம் வேண்டும். ஒரு மணி நேர எஞ்சின் ஓட்டம் அதனை ஒருபோதும் நிறைக்காது. நாள் முழுவதும் பொறுமையாக ஊட்டும் சூரியத் தகடு அப்பணிக்கு ஏற்றது.

படகின் கம்பிகளைப் பார்த்தபோது மற்றொரு பிழையும் வெளிப்பட்டது. காரீய பாட்டரி முழுதும் நிறைய ஏறத்தாழ 14.4 வோல்ட் வேண்டும். எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டரோ 14.1 வோல்ட்டில் நிற்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் பாட்டரிக்கும் வீட்டுப் பாட்டரிக்கும் மின்சாரத்தைப் பிரித்தளிக்க இடையில் ஒரு டையோடு இருந்தது. சிலிக்கான் டையோடைக் கடக்கையில் 0.7 வோல்ட் குறையும் என்று வகுப்பில் படித்திருக்கிறீர்கள். அந்தச் சிறு எண்தான் இங்கே வினையாற்றியது. பாட்டரியை அடைந்தது 13.4 வோல்ட். இரவு பகலாக எஞ்சின் ஓடினாலும் அது நிறையப் போவதில்லை.

கம்பியின் பருமனும் கவனத்திற்குரியது. பாட்டரி ஆறு மீட்டர் தொலைவில் இருந்தால், போக வரப் பன்னிரண்டு மீட்டர் கம்பி. அதன் குறுக்களவு 4 சதுர மில்லிமீட்டர் ஆனால், 20 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 1 வோல்ட் வழியிலேயே வெப்பமாகக் கரையும். 16 சதுர மில்லிமீட்டர் ஆனால் இழப்பு கால் வோல்ட்டே. வீட்டில் 230 வோல்ட்டில் 1 வோல்ட் போனால் எவரும் அறியார். 12 வோல்ட்டில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு.

ஆகவே, படகின் மின்னமைப்பைச் சீர்திருத்த விரும்புவோர் கைக்கொள்ள வேண்டிய வரிசை இதுவே: முதலில் செலவைக் குறைத்தல்; அடுத்து வரவைப் பெருக்கல்; பின்னர் வழியிலுள்ள இழப்பை நீக்கல்; இறுதியில் பாட்டரியை மாற்றல். எங்கள் மாணவர் இறுதியானதை முதலில் செய்தார்.

அந்த வரிசைப்படி அவர் மீண்டும் தொடங்கினார். உச்சி விளக்கை எல்.இ.டி. ஆக மாற்றியதும் 25 ஆம்பியர்-மணி 3 ஆயிற்று. அறை விளக்குகள் 8லிருந்து 2 ஆயின. குளிர்பெட்டியின் சுவரைத் தடிப்பாக்கியதால் 48 என்பது 30 ஆயிற்று. பாய்களைக் காற்றுக்கேற்பச் சமன்செய்து கட்டினால் சுக்கான் அதிகம் போராட வேண்டியதில்லை; அதன் செலவும் 30க்கு இறங்கிற்று. திரையின் ஒளியைத் தணித்ததில் கருவிகளின் செலவு 15. மொத்தம் 80. செலவில் ஏறத்தாழப் பாதி, புதிய பாட்டரி எதுவும் வாங்காமலே மறைந்தது. பின்னர்ப் பாய்மர நிழல் விழாத இடத்தில், படகின் பின்புறத்தில், 350 வாட் சூரியத் தகடுகளை அமைத்தார். வரவு சுமார் 84. கணக்கு நேராயிற்று.

டையோடை நீக்கிவிட்டு, வேண்டிய வோல்ட்டை அளந்து தரும் மின்னேற்றி ஒன்றை இடையில் பொருத்தினார். கடற்காற்றில் செம்பு விரைவில் பச்சை பூத்துக் கெடுமாதலால், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியையே எங்கும் இட்டார். பாட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வைத்தார். நிறைந்த பாட்டரியின் இரு முனைகள் தவறி இணைந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கம்பி பழுக்கக் காய்ந்து தீப்பற்றும். நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது. நீரிறைக்கும் பம்புக்கு மட்டும் தனி ஃபியூஸ் இட்டுப் பாட்டரியோடு நேரே இணைத்தார். எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு உரிமையாளர் வீடு சென்றாலும் பம்பு விழித்திருக்க வேண்டுமல்லவா?

பட்டினியால் கெட்டுவிட்ட அந்தக் காரீய பாட்டரிக்குப் பதிலாக, ஓராண்டு கழித்து லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டு பாட்டரியை வாங்கினார். இதன் வரலாற்றில் நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றுண்டு. தென் தமிழகத்துச் சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம் அவர்கள், 1980களில் ஜான் குட்இனஃப் என்னும் பேரறிஞரோடு சேர்ந்து செய்த ஆய்வு இவ்வகைப் பொருள்களுக்கு வழிகாட்டிற்று. லித்தியம் பாட்டரிக்காக 2019ஆம் ஆண்டில் ரசாயன நோபல் பரிசு பெற்ற மூவருள் குட்இனஃப் ஒருவர். ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் நம் மந்திரம் அவர்களே.

இந்த பாட்டரியில் ஐந்தில் நான்கு பங்கைத் தயங்காமல் எடுக்கலாம். எடை காரீயத்தில் பாதிகூட இல்லை. அரைகுறையாக விட்டாலும் கெடுவதில்லை; ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். மாணவர் வாங்கியது 200 ஆம்பியர்-மணி, எடுக்கத்தக்கது 160, வெயிலே இல்லாவிடினும் இரண்டு நாள் தாங்கும்.

எனினும் நிறைகள் சிலவே குறைகளாவதும் உண்டு. காரீயம் மெல்ல உண்ணும். லித்தியமோ கொடுப்பதனைத்தையும் வாங்கும். ஓய்வின்றி முழு வேகத்தில் உழைக்கும் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகலாம். அபாயம் நேரின் லித்தியம் பாட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்று, மின் இணைப்பைச் சட்டென்று துண்டிக்கும். அக்கணம் ஓடிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டரின் வோல்ட் எகிறி, அதன் டையோடுகள் எரிந்துபோகும். இடையில் அளந்து தரும் மின்னேற்றி இருப்பது இத்தகைய தீங்குகளைத் தடுக்கும். குளிர்நாட்டில் உறைநிலைக்குக் கீழே லித்தியத்திற்கு மின்னேற்றலாகாது. மேலும், அதன் வோல்ட் நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுபோலவே நிற்பதால், வோல்ட் அளந்து இருப்பை அறிய முடியாது. உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் எண்ணும் அளவி வேண்டும். ஆக, ஓர் உறுப்பை மாற்றினால் அதனோடு பிணைந்த உறுப்புகள் அனைத்தையும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

காரீய பாட்டரி வைத்திருப்போருக்குச் சில அன்றாட நெறிகள் உண்டு. அவை படகுக்கு மட்டுமன்று, உங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கும் பொருந்தும். ஓய்வில் இருக்கும் பாட்டரி 12.7 வோல்ட் காட்டினால் அது நிறைந்தது, 12.2 காட்டினால் பாதி. அமிலத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளந்தால், நிறைந்த அறைகளில் 1.265 அளவில் நிற்கும். ஓர் அறை மட்டும் தாழ்ந்திருந்தால் அதுவே நோயாளி. நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். மின்னேற்றிய பின் ஊற்றுவது முறை. முனைகளில் பூத்த உப்பைச் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, உலர்த்தி, வாசலின் தடவலாம். அந்த நீர் அறைக்குள் புகலாகாது. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். ஆதலால் காற்றோட்டம் இன்றியமையாதது. அமில பாட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் நச்சுள்ள குளோரின் வாயு எழும். ஆகவே படகு எவ்வளவு சாய்ந்தாலும் நகராதவாறு அதனை இறுகக் கட்ட வேண்டும். எஞ்சினை ஒட்டி வைக்கவும் கூடாது; வெப்பம் பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பட்டறிவு.

சென்ற ஆண்டு மீண்டும் பினாங்குக்குச் சென்றேன். அதே படகில், அதே வழியில், அதே இரவுப் பயணம். இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு மேலே பார்த்தேன். பாய்மர உச்சியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அருகே ஒரு சிறு குறிப்பேடு இருந்தது. ஒவ்வொரு மாலையும் ஒரு வரி: வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. கணக்காய்வாளர் தம் படகையும் கணக்கில் கொண்டுவந்துவிட்டார்.

மாணவர்களே, உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. இன்று மாலை உங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் முன் ஒரு தாளோடு அமருங்கள். மின்சாரம் நின்றால் எந்த விளக்கு, எந்த விசிறி, எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பெருக்கிக் கூட்டுங்கள். விடை சரியா தவறா என்பதை அடுத்த மின்தடையே உங்களுக்குத் திருத்தித் தரும். நான் வகுப்பில் கேட்கத் தவறிய கேள்வி அது. நீங்களாவது உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.